உன் உடற்கலங்களை நீ பார்த்த நாள்

இன்று காலை ஆய்வுகூடத்தில் சாயச் சாடியின் மூடியைத் திறந்தேன். ஸ்பிரிட் மணம் மூக்கில் ஏறியதும், "இந்த மணத்துக்குள்ள நாள் முழுக்க எப்படியடி இருக்கிறாய்?" என்று முகத்தைச் சுளித்தபடி நீ வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாம். நான் திருகோணமலையில் ஆய்வுகூட வேலைக்கு வந்தேன். நீ பிரதேச சபையில் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலைக்குப் போனாய். நம் ஊர் கப்பல்துறையில் எவர் வீட்டுச் சுவரில் வெடிப்பு விழுந்தாலும், ஏன் விழுந்தது என்று அறியும்வரை உனக்கு நித்திரை வராது. கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் என்று வைத்தியர் சொன்ன அன்றும் நேரே என்னிடம் வந்து, "என்ர கலங்களை நான் பார்க்க வேணும்" என்றாய்.

வைத்தியரிடம் அனுமதி கேட்டு, உன் சதைத்துண்டு பதிந்த கண்ணாடித் தகட்டை நுணுக்குக்காட்டியில் வைத்தேன். முதலில் நல்ல பகுதி. உயிரணுக்களான அந்தக் கலங்கள் அடுக்கடுக்காக, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இருந்தன. பிறகு தகட்டை நகர்த்தினேன். நீ நெடுநேரம் தலையை எடுக்கவில்லை.

"வரிசையே இல்லை. ஒண்டு பெரிசு, ஒண்டு சப்பளிஞ்சு கிடக்கு. இதை ஆர் செய்தது?"

சொன்னேன். பாப்பிலோமா வைரசு எப்போதோ உள்ளே வந்திருக்கும். தன் புரதங்களை அது கலத்தைக் கொண்டே செய்விக்கும். பழுதான கலத்தைப் பெருகவிடாமல் நிறுத்தும் காவல் புரதங்களை அவை முதலில் முடக்கும். பக்கத்துக் கலத்தோடு சேர்த்து வைக்கும் பிணைப்புகளைத் தளர்த்தும். மேல் எது, கீழ் எது என்று கலத்துக்கு உணர்த்தும் புரதங்களையும் சிதைக்கும். உருவத்தைத் தாங்கும் நுண்ணிழைகள் குலையும், கலத்தின் நடுவிலுள்ள கரு பெருத்துவிடும். பிடிப்பு விட்ட கலம் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போகும்.

"அப்ப, என்ர சாமானை வைச்சு, என்ர ஆக்களைக் கொண்டே இடிப்பிச்சிருக்கு" என்றாய். பிறகுதான் அழுதாய்.

உன் மகள் அப்போது ஆறாம் தரம். அந்த வைரசுக்கு எதிரான தடுப்பூசியைப் பள்ளிக்கூடத்தில் போட இருந்தார்கள். கட்டாரில் வேலை செய்த உன் கணவர், முடிவைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டார். அந்த மச்சாளோ ஒரேயடியாக மறுத்தார்.

"குமராகாத பிள்ளைக்கு இந்த ஊசியோ? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் என்னைப் பற்றிக் கதைக்கட்டும் மச்சாள்" என்றாய்.

அந்தக் கிழமையே பெற்றோர் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். மருந்தினால் தலைமுடி கொட்டியிருந்தது. கதிரையைப் பிடித்தபடி எழுந்து, உன் நோயின் பெயரைச் சொன்னாய். மண்டபத்தின் பின்வரிசையில் ஒரு தாய் மெதுவாகக் கேட்டாள்: "அது புருசன்மாரால வாறதெண்டு சொல்லுறாங்களே?"

"ஆரால, எப்ப வந்ததெண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. வருசக்கணக்காச் சத்தமில்லாமல் கிடக்கும். நான் ஆரையும் பிழை சொல்ல வரேல்லை. என்ர பிள்ளைக்கு ஊசி போடப் போறன். உங்கட பிள்ளையளுக்கும் போடுங்கோ."

உன் மகளுக்கு முதல் ஊசி போட்டதை நீ பார்த்தாய். இரண்டாவதற்கு நீ இல்லை. உன் மச்சாள்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

போன மாதம் அவர், பெண்களைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்குத் தனியாக வந்தார். அவருடைய கலங்களை நான்தான் பார்த்தேன். சில கலங்களில் கரு பெருத்து, சுற்றிலும் வெளிறிய வளையம் தெரிந்தது. அதே வைரசு செய்த ஆரம்ப மாற்றம்தான், சுகப்படுத்தலாம் என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். வெளியே வந்தவர் என்னிடம், "இதை வீட்டில சொல்லலாமோ?" என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே, "ஓம், சொல்லத்தான் வேணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சிகிச்சை முடிந்து நேற்று அவரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அன்று மண்டபத்தில் நீ பேசி முடிக்கும்வரை, விழுந்தால் தாங்கிப் பிடிக்க உன் முதுகுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றேன். நீ விழவில்லை. நீட்டிய அந்தக் கைகளோடுதான் இன்னும் இருக்கிறேன்.