பெல்ட்டைக் கழற்றாமல் ஏறியவருக்கு

அண்ணே,

இன்று காலை டயாலிசிஸ் அறையில் எடை மெஷினை மாற்றினார்கள். பழையதைச் சுவரை விட்டு நகர்த்தியபோது அதன் பின்னால் ஒரு காகிதப் பொட்டலம் கிடந்தது. மடிப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நூலோ பின்னோ இல்லாமல், மூலைகளை உள்ளே செருகி மடித்த, வியாபாரிகளுக்குக் காட்டும் ஏலக்காய் மாதிரிப் பொட்டலம். எங்கள் அறைக்குள் அதைக் கொண்டுவந்தவர் நீங்கள் ஒருவர்தான். பிரித்தேன். ஏழு காய்கள் இருந்தன. பச்சை போய் வைக்கோல் நிறமாகியிருந்தன. ஒன்றை நகத்தால் கீறியதும் வாசனை மட்டும் குறையாமல் கிளம்பி வந்தது. பெல்ட்டைக் கழற்றி நாற்காலியில் போடும்போது நழுவி விழுந்திருக்க வேண்டும். நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இந்த அறையை நாங்கள் பெருக்குகிற லட்சணம் இதுதான் என்று சொன்னால் நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பீர்கள்.

இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. பெரம்பூரில் பிறந்து, பெரம்பூரில் படித்து, பெரம்பூரிலேயே பெண் எடுத்தவன். அங்கே நான் வேலை பார்த்த இடத்தில் டயாலிசிஸ் பிரிவை மூடிவிட்டார்கள். ஆறு மாதம் வீட்டில் சும்மா இருந்த பிறகு, உத்தமபாளையத்தில் நாலு மெஷின் வைத்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு டெக்னீஷியன் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டேன். ஒரே ஒரு வருஷம் என்று மனைவியிடம் சத்தியம் செய்துவிட்டு, முதலில் நான் மட்டும் வந்தேன். ஆஸ்பத்திரி மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள். பெட்டியைப் பிரிக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

முதல் நாள் நான் உங்களை "பாய்" என்று கூப்பிட்டேன். "ஊரே அப்பிடித்தேன் கூப்பிடுது. நீங்க அண்ணேன்னு கூப்பிடுங்க தம்பி, ஊசி குத்துறவுக கொஞ்சம் ஒறவா இருந்தா நல்லது" என்றீர்கள். பிறகு நாலு மெஷினையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "உங்களுக்கு முன்னாடி நாலு பேரு வந்தாக. நாலு பேரும் மூணு மாசத்துல போயிட்டாக. இங்கன ஆளு இல்லைன்னா நாங்க தேனிக்குப் போவோம். போறது ஒண்ணுமில்ல. திரும்பி வர்றதுதேன்." டயாலிசிஸ் முடிந்த உடம்போடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நின்று வந்த கதையை நீங்கள் ஒரு நகைச்சுவையாகச் சொன்னீர்கள். நானும் சிரித்தேன். எனக்கு வெட்கமே இல்லை, அண்ணே.

உங்கள் தொழில் ஏலக்காய்த் தரகு. கூடலூர் தாண்டி மேலே ஏறி, குமுளிப் பக்கத்துச் சின்னத் தோட்டக்காரர்களிடம் மலையாளத்தில் பேசி மாதிரி வாங்கிவந்து, இங்கே வியாபாரிகளிடம் காட்டுவீர்கள். சிறுநீரகம் கைவிட்ட பிறகும் அதை நிறுத்தவில்லை. செவ்வாய், வியாழன், சனி எங்களுக்கு. மற்ற நாட்கள் மலைக்கு. ஒரு நாளைக்கு நாலு டீ கிளாஸ் தண்ணீர்தான் உங்களுக்கு அனுமதி. நாக்கு வறண்டால் ஓர் ஏலக்காயைக் கீறி, ஒரே ஒரு விதையை நாக்குக்கு அடியில் வைப்பீர்கள். அது கரைந்து போகும்வரை அடுத்ததைத் தொடமாட்டீர்கள். "வாழையும் எளநியும் வெளையிற ஊர்ல என்னையப் பொறக்க வச்சு, ரெண்டையும் தொடாதேன்னுட்டான் பாருங்க" என்று ஒருநாள் சொன்னீர்கள். அதற்கு மேல் ஒரு முறையீடு உங்கள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பத்து வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் எத்தனையோ நோயாளிகளைப் பார்த்தவன் நான். அந்த ஒழுங்கை வேறு யாரிடமும் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் அந்தத் தப்பு நடந்தது. நம் இருவருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் ஒருமுறை எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

படுக்கும்முன் எடை பார்ப்பது வழக்கம். போனமுறை டயாலிசிஸ் முடிந்து கிளம்பியபோது இருந்ததைவிட எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவும் உடம்பில் தேங்கிய நீர் என்று கணக்கு. அவ்வளவையும் மெஷின் எடுத்துவிடும். அதனால் எடை மேடையில் ஏறும்முன் கனமானதையெல்லாம் கழற்றச் சொல்ல வேண்டும். அன்று நீங்கள் இரவு மலையில் தங்கிவிட்டு, அங்கிருந்து நேராக வந்திருந்தீர்கள். கம்பளி ஸ்வெட்டர். அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு அந்தப் பச்சை பெல்ட். அதன் பைகளில் போன், சாவிக்கொத்து, பத்துப் பன்னிரண்டு மாதிரிப் பொட்டலம். நான் காதில் போனை வைத்திருந்தேன். சென்னையில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று நண்பன் சொல்லிக்கொண்டிருந்தான். "எப்படியாவது சொல்லி வைடா, இங்க மனுஷன் இருப்பானா?" என்று பேசியபடியே உங்கள் எடையைக் குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் மணி நேரத்தில் உங்கள் கால் சுண்டி இழுத்தது. நெற்றியெல்லாம் வியர்வை. "தம்பி, வெளிச்சம் கொறையுது" என்றீர்கள். அதற்குமேல் பேச்சில்லை. கண் செருகிவிட்டது. ரத்த அழுத்தம் எங்கோ பாதாளத்தில் இருந்தது. கால்களை உயர்த்தி, சலைனைத் திறந்துவிட்டு, உங்கள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே நின்ற அந்தச் சில நிமிடங்களில் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். நீங்கள் கண் திறந்தபோதுதான் எடை பார்த்தபிறகு நீங்கள் கழற்றி நாற்காலியில் போட்டிருந்த பெல்ட் என் கண்ணில் பட்டது. அதையும் ஸ்வெட்டரையும் தூக்கி எடை மேடையில் வைத்தேன். ஒன்றரைக் கிலோ. உங்கள் உடம்புக்கு வேண்டிய ஒன்றரைக் கிலோ நீரை நான் உறிஞ்சி எடுத்திருக்கிறேன்.

டாக்டர் வந்து என்னைப் பார்த்து "எப்படி ஆச்சு?" என்றார். நான் வாயைத் திறக்கும்முன் நீங்கள் படுத்தபடியே சொன்னீர்கள்: "நாந்தேன் டாக்டர். தம்பி கழட்டச் சொன்னாக. நாந்தேன் வெரசா ஏறிட்டேன்."

நான் கழற்றச் சொல்லவே இல்லை. அவர் போனபிறகு உங்கள் பக்கத்தில் வந்து நின்றேன். "ஏண்ணே?" என்று மட்டும் கேட்டேன். "பொய் சொன்னதுக்கு இன்னைக்கு ஒரு கிளாஸு தண்ணி கூட்டிக் குடுங்க" என்றீர்கள். கொடுத்தேன். அதை மடக் மடக்கென்று குடிக்காமல், கண்ணை மூடி, வாய்க்குள் வைத்து வைத்துக் குடித்தீர்கள். முடித்துவிட்டு, "மெட்ராஸ்ல எடம் அமைஞ்சிருச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டீர்கள். எல்லாம் உங்கள் காதில் விழுந்திருக்கிறது. மனுஷன் இருப்பானா என்றதும் சேர்த்து.

அந்த இடம் அமையவில்லை. அடுத்த வாரமே நீங்கள் என்னை வீடு பார்க்க அழைத்துப் போனீர்கள். வீட்டுக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "எம்புட்டு நாளைக்கு இருப்பீக?" என்றார். "இருக்குற வரைக்கும் இருப்பாகம்மா. விருந்தாளிகிட்ட கேக்குற மாதிரி கேக்குறீகளே" என்று நீங்கள் சமாளித்தீர்கள்.

ஆனி மாதம் மனைவியும் மகளும் வந்தார்கள். மலை இடுக்கு வழியாக இறங்கும் அந்தக் காற்றைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முதல் வாரத்திலேயே மொட்டைமாடியில் காயப்போட்ட பாதித் துணி ஊருக்குள் போய்விட்டது. மகளின் பள்ளிச் சீருடை எதிர்வீட்டுத் தென்னை மட்டையில் தொங்கியது. என் மனைவி வாசலில் உட்கார்ந்து அழுதாள். அன்று சாயங்காலம் நீங்கள் ஒரு கயிற்றோடு வந்தீர்கள். இரட்டையாக முறுக்கிய கயிறு. துணியின் நுனியை முறுக்குக்குள் செருகிவிட்டால் காற்று எதையும் பிடுங்க முடியாது. "மேலெல்லாம் சாக்கு காயப்போட இப்பிடித்தேன் கட்டுவாக" என்று சொல்லி, கையில் ஊசி போட்ட வீக்கத்தோடு நீங்களே கட்டிக் கொடுத்தீர்கள். அந்தக் கயிறு இன்னும் எங்கள் மாடியில் இருக்கிறது. மகள் "அம்மா, சோப்பு அங்கன இருக்கு" என்று இந்த ஊர்ப் பேச்சுப் பேச ஆரம்பித்தபோது என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நீங்களோ என் மகளுக்குப் பன்னீர் திராட்சை வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினீர்கள்.

ஒரு வருஷம் நாலு வருஷம் ஆனது. அப்போதுதான் சென்னையிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய இடம், பெரம்பூர் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். உங்கள் கையில் ஊசியைச் சரிசெய்துகொண்டே சொன்னேன். 'போகாதீர்கள்' என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஆசைப்பட்டேன். சொன்னால் நிற்கலாம் என்று அல்ல. சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் மின்விசிறியைப் பார்த்தபடி, "நல்லதுதேன். புள்ளைக்குப் படிப்புக்கு ஆகும். பஸ்ஸுக்கு நாஞ் சீட்டுப் போட்டுத் தர்றேன்" என்றீர்கள். எனக்கு வந்ததே கோபம்! அன்று முழுக்க உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த மனுஷனுக்கு நான் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னை வேலையை வேண்டாம் என்றேன். மனைவியிடம் உங்கள் பெயரைத்தான் சொன்னேன். அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று. உங்களுக்காகப் பெரியதொன்றை விட்டுக்கொடுத்துவிட்டதாக நினைத்து மிதப்பாகவே இருந்தேன். சில நாட்கள் உங்களுக்கு ஊசி குத்தும்போது, இவருக்கு இது தெரியுமா என்று உங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

பதினோரு மாதம் முன்பு ஒரு வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்கு உங்கள் படுக்கை காலி. ஐந்து வருஷத்தில் ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்குக்கூட நீங்கள் வந்ததில்லை. போன் செய்தேன். நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவிதான் எடுத்தார்கள். "தூக்கத்துலயே போயிட்டாக தம்பி" என்றார்கள். இதயம் நின்றிருக்கிறது. அன்று சாயங்காலத் தொழுகைக்குமுன் பள்ளிவாசல் மையவாடியில் அடக்கம் ஆனது. உங்களைச் சுமந்த சந்தூக்கின் ஒரு முனையில் நானும் சிறிது தூரம் தோள் கொடுத்தேன். உங்கள் எடையை வாரம் மூன்று முறை எழுதியவன் நான். அன்று தோளில் அது எனக்குத் தெரியவே இல்லை.

பத்து நாள் கழித்து அக்கா உங்கள் ஆஸ்பத்திரிப் பைலைக் கொடுத்தார்கள். அதற்குள் ஒரு பச்சை அட்டை. தேனியில் இருக்கும் ஒரு டயாலிசிஸ் சென்டரில் உங்கள் பெயரைப் பதிந்து வைத்திருக்கிற அட்டை. இடம் கைவிட்டுப் போகாமலிருக்க மாதம் ஒருமுறை நேரில் போய் முத்திரை வாங்க வேண்டுமாம். பதினாலு முத்திரை இருந்தது. முதல் முத்திரை, சென்னை வேலையைப் பற்றி நான் உங்களிடம் சொன்ன அந்த வாரத்தில் விழுந்தது.

"நீங்க போகப்போறேன்னு சொன்ன மறுநாளே பஸ் ஏறிட்டாக" என்றார்கள் அக்கா. "போகலைன்னு ஆனப்பறமும் மாசாமாசம் போயி வந்தாக. ஒடம்பு முடியல, எதுக்குன்னு கேட்டேன். 'அந்தத் தம்பிக்கு எப்பப் போகணும்னு தோணுனாலும் எம் மூஞ்சியப் பாத்து நிக்கக் கூடாது'ன்னாக."

அண்ணே, அந்த அட்டையை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றேன். உங்களுக்காக நான் நிற்கிறேன் என்று மிதப்பில் இருந்த அத்தனை மாதமும், நான் போவதற்கு வழியைத் திறந்து வைக்க நீங்கள் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறீர்கள். டயாலிசிஸ் இல்லாத நாளில், அந்த நாலு கிளாஸ் தண்ணீரோடு. எனக்கு உங்கள் மேல் இருப்பது வெறும் அன்பு இல்லை. பிரமிப்பு. என் உயிர் இன்னொருவர் கையில் இருந்திருந்தால், அவர் காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சியிருப்பேன் நான்.

போன மாதம் சென்னையிலிருந்து இரண்டாம் தடவையாகக் கூப்பிட்டார்கள். இப்போது யார் முகத்தைப் பார்த்தும் நான் நிற்க வேண்டியதில்லை. மனைவி, "நீயே முடிவு பண்ணு" என்றாள். சொல்லிவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போய்விட்டாள். சென்னைக்குப் பதில் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தேன்.

இன்று செவ்வாய். உங்கள் பழைய படுக்கைக்குக் கூடலூரிலிருந்து ஓர் அம்மா புதிதாக வந்தார்கள். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்க்கொண்டிருந்தவர்கள். சோற்றுத் தூக்கைக் கையில் பிடித்தபடியே புது எடை மெஷினில் ஏறினார்கள். இறங்கச் சொல்லி, தூக்கை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மறுபடி ஏற்றி எடை குறித்தேன். எடை பார்க்கும்போது இப்போதெல்லாம் என் கையில் போன் இருப்பதில்லை. நாக்கு ஒட்டிக்கொள்கிறது, ஒரு வாய் தண்ணீர் வேண்டும் என்றார்கள். என் சட்டைப்பையில் எப்போதும் நாலு ஏலக்காய் இருக்கும், நீங்கள் போனதிலிருந்து. ஒன்றைக் கீறி ஒரு விதையைக் கொடுத்து, நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னேன். வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள்: "ஏந் தம்பி, இங்கன வர்றவுகெல்லாம் போயிருவாகன்னு சொன்னாக. நீங்க இருப்பீகளா?"

"வியாழக்கெழம காலையில ஆறு மணிக்கு வாங்க ஆத்தா" என்றேன். "இங்கனதேன் இருப்பேன்."