நான் போட்ட பின்னூட்டம்

புதுப்பாளையம், கடலூர்
20.01.2012

அன்புத் தங்கை அனிதாவுக்கு,

பழனிவேல் அண்ணன் எழுதுகிறேன். மஸ்கட்டில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் பழைய மின்னஞ்சலுக்கு அனுப்பியதெல்லாம் திரும்பி வந்துவிட்டது. இந்த முகவரியை உன் அம்மாவிடம் வாங்கினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பயந்துவிடாதே.

தானே புயல் அடித்து இருபது நாளாகிறது. எங்கள் தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. செல்போனுக்குச் சார்ஜ் போட ஜெனரேட்டர் இருக்கிற கடையில் வரிசையில் நிற்கிறோம். என் அலமாரிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. புத்தகங்களையெல்லாம் மொட்டைமாடியில் பரப்பிக் காயவைத்தேன். நம் வலைப்பூப் பதிவுகளை அச்செடுத்து வைத்திருந்த கட்டும் அதில் இருந்தது. வெயிலில் உட்கார்ந்து அத்தனையையும் படித்தேன்.

2006 நினைவிருக்கிறதா? சிதம்பரம் கீழவீதி பிரௌசிங் சென்டரில் ஒரே கம்ப்யூட்டருக்கு முன்னால் மூன்று நாற்காலி போட்டு உட்காருவோம். நீ அப்போது அங்கே நர்சிங் படித்துக்கொண்டிருந்தாய். நம் கலியமூர்த்தி புவனகிரி உரக்கடையைப் பூட்டிவிட்டு நேராக வருவார், சட்டையில் யூரியா வாசனையோடு. யார் பதிவு போட்டாலும் முதலில் 'மீ த பர்ஸ்ட்டு' என்று பின்னூட்டம் போட்டுவிட்டு, அப்புறம்தான் படிப்பார். நான் முடித்த புத்தகத்தைச் சிதம்பரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன், நீ பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்வாய். திரும்பி வரும்போது ஓரங்களில் உன் பென்சில் எழுத்து இருக்கும். 'இந்த ஆள் பொய் சொல்கிறார்', 'இங்கே அழுதேன், யாரிடமும் சொல்லாதீர்கள்.' அந்தப் புத்தகங்கள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

உங்கள் இருவரையும்விட மூத்தவன் என்பதால் ஆலோசனை சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். முதல் பத்தியை அடி, 'மிகவும்' என்ற சொல்லை எடு என்பேன். நீயும் கேட்டுக்கொண்டாய். அதுதான் என்னைக் கெடுத்தது.

2008 ஆகஸ்டில் நீ போட்ட கதையைத்தான் சொல்லவருகிறேன். சுனாமிக்கு மறுநாள், ஆஸ்பத்திரியில் பச்சைச் சட்டையோடு கிடக்கும் மகனைத் தாய்க்குக் காட்டுகிறார்கள். அவள் 'எம்புள்ள நீலச் சட்டதான் போட்டுக்கிட்டுப் போனான். இது எம்புள்ள இல்ல' என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கிறாள். கூட வந்த மகள் கையெழுத்துப் போட்டு உடலை வாங்குகிறாள்.

பெற்றவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து இப்படிச் சொல்லமாட்டாள், படிப்பவரை அழவைக்கக் கட்டிய கதை என்று எல்லோரும் பார்க்கும்படி பின்னூட்டம் போட்டேன். 'நன்றி அண்ணே, திருத்திக்கொள்கிறேன்' என்று பதில் எழுதினாய். அதற்குப் பிறகு நீ எதுவும் எழுதவில்லை. அடுத்த மாதம் உன் வலைப்பூவையே காணோம்.

உண்மையைச் சொல்கிறேன் அனிதா. அந்தக் கதைக்கு அறுபத்துநான்கு பின்னூட்டங்கள் வந்திருந்தன. அந்த வாரம் என் கதைக்கு மூன்று, அதில் ஒன்று கலியமூர்த்தியின் 'மீ த பர்ஸ்ட்டு.' உன் கதை நன்றாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

போன வாரம் சென்னைப் பதிவர்கள் சேர்ந்து ஒரு வேன் நிறையத் தார்ப்பாய் அனுப்பினார்கள். தேவனாம்பட்டினம் சாலையில் வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். ஓடு பறந்துபோன ஒரு வீட்டுச் சுவரில் உன் படம் இருந்தது, பக்கத்தில் மாலை போட்ட இன்னொரு படம். உன் அம்மா ஆரோக்கிய ராணி, 'அது எம்மவன் மரிய அருள், தம்பி. கிறிஸ்துமஸுக்கு மறுநா கடற்கரைக்கு வெளையாடப் போனான்' என்றார். உன் கதை உன் வீட்டில் நடந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு வருடம் ஒன்றாக உட்கார்ந்து எழுதியிருக்கிறோம். நீ சொல்லவில்லை, நாங்கள் கேட்கவுமில்லை.

நீ கதை எழுதுவாய் என்பதே அவருக்குத் தெரியாது. சொன்னதும், படித்துக் காட்டச் சொன்னார். மறுநாள் அச்சுத்தாளை எடுத்துக்கொண்டு போனேன். உன்னைக் கேட்காமல் படித்தது தப்பாக இருந்தால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

படித்து முடிக்கும்வரை முந்தானையைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு, 'பச்சதான் தம்பி' என்றார். 'நீலத்த ராத்திரி பூசைக்குப் போட்டான். பச்சைய நாந்தான் இஸ்திரி போட்டுக் குடுத்தேன். பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. தெரியலன்னு சொன்னா அவன் எங்கியாவது இருப்பான்னு ஒரு நெனப்பு.'

உன்னைப் பற்றி இதையும் சொன்னார்: 'அப்ப அதுக்குப் பதினெட்டு வயசு. நான் போட வேண்டிய கையெழுத்த அது போட்டுச்சு. அதுக்காவ எத்தினி வருசம் அதுகிட்ட மொகம் குடுத்துப் பேசாம இருந்திருக்கேன்.'

இதை உனக்கு எழுதும்படி அவர் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். கிளம்பும்போது தார்ப்பாயைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தவர், மஸ்கட்டில் இப்போது மணி என்ன இருக்கும் என்று கேட்டார். சொன்னேன். 'அப்ப டூட்டில இருக்கும்' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் பின்னூட்டத்தை இனி அழிக்கவும் முடியாது, உன் வலைப்பூவே இல்லை. மன்னித்துவிடு. நீ மறுபடி எழுதவேண்டும் என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் அம்மாவுக்கு இரண்டு வரி எழுது. அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. நான் போய்ப் படித்துக் காட்டுகிறேன். ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல் படிப்பேன்.

மாதா உன்னைக் காக்கட்டும். ஈஸ்டருக்கு லீவு கிடைக்குமா என்று பாரம்மா.

உன் அண்ணன்,
பழனிவேல்