மக்தலேனாவில் அசையாத தலை

என் அண்ணன் மகளே,

சவேரியார் உன்னைச் சிறையிலயும் காக்கட்டும். அங்க பயறையாவது ஒழுங்கா வேகவச்சுப் போடுறாங்களா?

எல்லைச் சுவர் கட்டுற எந்திரத்தை மறிச்சு நீ உக்காந்ததையும், உனக்கு விலங்கு மாட்டின எல்லைப் போலீஸ்காரன் என் மகன்தாங்கிறதையும் பத்தி நான் எழுத வரல.

சுவருக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவுலயும் நம்ம ஓதாம் பழங்குடிச் சனம்தான். இருந்தும் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் மக்தலேனா திருவிழாவுக்குப் போனோம். மனசுல கறை இருந்தா, அங்க படுத்திருக்கிற சவேரியார் சிலையோட தலையைத் தூக்க முடியாதே! என் மகன் தூக்கிப் பார்த்தான், அசையல. பின்னால நின்ன உங்கம்மா, "என்ன மருமகனே, சாமிக்கும் விலங்கு போட்டுட்டியா?"ன்னாங்க. வரிசையே சிரிச்சுது.

வெளிய வந்து, "வேலையை விடுடா"ன்னேன்.

"பிள்ளைங்களுக்குப் பசிச்சா சவேரியாரா வருவாரு?"ன்னான்.

திங்கக்கிழமை, நீ உக்காந்த இடத்துல நான் உக்காரப்போறேன். விலங்கை எடுத்துக்கிட்டு அவனே வரட்டும்.

உன் அத்தை