பத்துக்கு நாலு

நாள் 212. 08:10
இன்னுமா கோபம் வார்டனம்மா? நெஞ்சுவலி என்று அலறி உங்களை ஓடவைத்தது ஒரே ஒரு தடவை. நிலாவைச் சுற்றும் இந்த மருத்துவக் கல்லூரியில் என் சம்பளமே நோயாளியாக நடிக்கத்தானே? எட்டாவது தாண்டாத இந்தச் சங்கிலிமுத்துவுக்கு நாற்பத்தொரு நோய் அத்துப்படி. சுவர்த்திரையில் பொய்த் துடிப்பு காட்ட ஒரு பெட்டி. பிள்ளைகள் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பினால் சிரிப்பேன். பெட்டி சரி. காற்று சரி.

நாள் 213. 16:40
மூன்றாம் ஆண்டு அஃப்ரீன் வந்தாள். இன்று அவள் நோயாளியாம், நான் டாக்டராம். அறைப் பதிவு:
"மூச்சு உள்ளயே போக மாட்டேங்குது தாத்தா. புக்கைத் திறந்தா எழுத்தெல்லாம் ஓடுது. நான் மட்டும் ஏமாத்தி உள்ள வந்துட்ட மாதிரி இருக்கு. காலையில எந்திரிக்கவே பயமா இருக்கு."
"கை ஓவரா நடுங்குது டாக்டரம்மா. அழுகை லேட்டு. நடிப்புக்கு மார்க், பத்துக்கு நாலு!"
திரையில் துடிப்பு 142. பெட்டியை நன்றாகவே திருகியிருக்கிறாள்.

நாள் 214. 09:05
முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவளைப் போல நடித்துக் காட்டினேன். நடுக்கம், பேச்சு, எல்லாம். விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாசலில் அஃப்ரீன் நின்றிருந்தாள். அவளும் சிரித்தாள்.

நாள் 214. 11:30
பெட்டியின் பதிவைப் பார்த்தேன். நேற்று அதை யாரும் போடவே இல்லை. திரையில் ஓடியது அவள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கைப்பட்டையின் துடிப்பு; இன்னும் இணைப்பில்தான் இருக்கிறது.
142 அவளுடையது.
உதவி கேட்டு வந்த பிள்ளைக்கு மார்க் போட்டிருக்கிறேன். இங்கே நேற்று போட்ட பதிவை அழிக்கப் போனேன். அழிக்கவில்லை. என் லட்சணம் அப்படியே இருக்கட்டும்.

நாள் 214. 11:52
அவள் அறைக்குப் பேசினேன்.
"அஃப்ரீன், நேத்து நீ சொன்னது..."
"அய்யோ, அது சும்மா தாத்தா. நடிப்பு. நான் சூப்பரா இருக்கேன். விண்வெளியில வெளிநடைப் பரீட்சை இருக்கு, கிளம்பிட்டேன், வெக்கட்டுமா?"
குரலில் ஒரு பிசிறு இல்லை. முப்பது வருடமாக நடிக்கிறவன், எனக்குத் தெரியாதா? இதுதான் நடிப்பு. பத்துக்குப் பத்து.
திரையில் அவள் கைப்பட்டைத் துடிப்பு 151.

நாள் 214. 11:57
"வார்டனம்மா, வெளிக்கதவைப் பூட்டுங்க. அஃப்ரீனைத் தனியா வெளிய விடாதீங்க. அந்தப் புள்ளைக்கு மனசு சரியில்ல."
"யாரு, சங்கிலிமுத்து அண்ணனா? போன மாசம் நான் ஓடினது பத்தலையா?"
"இது கேலி இல்லம்மா. சத்தியமா. நான்தான் அவளை..."
"நடிப்பு நல்லாருக்கு. பத்துக்கு எட்டு."
வைத்துவிட்டார்.

11:58
ஓடிக்கொண்டே பேசிப் பதிகிறேன். இதை யார் கேட்டாலும், அவள் போகும் வெளிக்கதவு மூன்று, பூட்டு