குடம் தூக்குகிறவரைக் கேளுங்கள்

ஏனுங்க,

கிணத்துக்கடவிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

கடைசியாகக் குழாயில் தண்ணீர் வந்து இன்று பத்தாம் நாள். பதினொரு மணிக்கு நல்ல தண்ணீர் வரும், ஒரு மணி நேரம்தான். வாசலில் குழாய் இருக்கும் குழிக்குள் குனிந்து பிடித்து, பன்னிரண்டு குடத்தையும் மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.

நேற்று சர்வேக்கு வந்த பெண், "தினமும் தண்ணி வந்தா மாசம் எவ்வளவு கட்டுவீங்க?" என்று கேட்டாள். குடியிருப்போர் சங்கத் தலைவராகிய தாங்கள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "தண்ணி ஆண்டவன் குடுத்ததுங்க. அதுக்குக் காசு கேக்கறது பாவம். எங்கூட்ல ஒரு கஷ்டமும் இல்லீங்க" என்றீர்கள். நான் வாயைத் திறந்ததும், "நீ உள்ள போ அம்மணி, உனக்கொண்ணும் தெரியாது."

போனேன். இருபத்திரண்டு வருஷமாகக் குடம் தூக்கியவளுக்கு என்ன தெரியும்!

கேன் தண்ணீர்க்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் காசு கேட்கிறார். உங்களுக்கு எதற்குப் பாவம்?

சுகந்தாமணி

பி.கு: இடுப்புத் தைலம் என் பையோடு வந்துவிட்டது.

இன்னொன்று: சர்வேப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "தண்ணி தூக்கறவங்களைத்தான் கேக்கோணும் கண்ணு, பதினொன்னரைக்கு மறுபடி வா" என்றேன். வந்து கேட்டால், குடத்தை இறக்கிவைக்காமலே பதில் சொல்லுங்கள். எந்தத் தொகை சொன்னாலும் எனக்குச் சம்மதம்.