மேட்டில் நின்ற வண்டி

ஜூலை 9
மேல் மேய்ச்சல் நிலத்தில் ஊற்று வற்றிவிட்டது. தினமும் மாடுகளுக்குத் தண்ணீர் டேங்கைப் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி மலைக்கு இழுத்துப் போகிறேன். இன்று மேட்டில் என்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. கியர் நழுவி நழுவிப் பிடித்தது. வீட்டுக்கு வந்து கியர் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது கருத்துப்போய், தீய்ந்த வாடை.

டெல்பர்ட்டிடம் சொல்லவில்லை. பக்கவாதம் வந்த பிறகு என் கணவன் ஜன்னலோர நாற்காலியை விட்டு எழுவதே அபூர்வம். உள்ளே நுழைந்ததும், "மூணாவது கியர் நழுவுது, இல்ல?" என்றான். காது மட்டும் பழையபடியே.

ஜூலை 10
கராஜ் வைத்திருக்கும் ஹோய்ட் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான். "ஆர்லீன், இந்த டீசல் என்ஜின் நம்மளையே புதைச்சுட்டு ஓடும். கியர்பாக்ஸ் செத்துப்போச்சு. உள்ள பிளேட்டெல்லாம் கருகிடுச்சு. இந்த வெயில்ல, அந்த மேட்டுல, அவ்வளவு எடையை எந்த ஆட்டோமேட்டிக் கியர் தாங்கும்?"

"மாடுங்க என்ன குடிக்கும் ஹோய்ட்?"

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். வேறு கியர்பாக்ஸ் வர ஒரு மாதம் ஆகுமாம். அதுவரை எதையும் இழுக்கக் கூடாதாம். யாரிடம் வண்டி கேட்பது? இந்த வறட்சியில் எல்லோரும் அவரவர் மாட்டுக்குத் தண்ணீர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூலை 12
அரை டேங்க். சூட்டு முள் சிவப்பைத் தொட்டால் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி.

ஜூலை 13
அரை டேங்க் எங்கே போதும்? தொட்டியில் மாடுகள் முட்டி மோதுகின்றன. ஒரு கன்று செத்துக் கிடந்தது.

"வித்துடு. எல்லாத்தையும்," என்றான் டெல்பர்ட்.

"உனக்கென்ன, ஜன்னல்ல உக்காந்து வேடிக்கை பாக்குற" — சொல்லிவிட்டேன். ஐயோ, எப்படிச் சொன்னேன்?

ஜூலை 15
காலையில் பார்த்தால் டெல்பர்ட் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருக்கிறான். "சத்தம் மாறினா நான் சொல்றேன். உனக்குக் கேக்காது." டேங்கை முழுசாக நிரப்பினேன். வேண்டாம் என்றான். கேட்கவில்லை.

ஜூலை 16
நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

கடைசி வளைவில், வேலி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், "நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினான். அதற்குள் கியர் விட்டுவிட்டது. எதில் போட்டாலும் பிடிக்கவில்லை. டேங்க் எங்களைப் பின்னால் இழுத்தது. பிரேக்கின் மேல் எழுந்தே நின்றேன். ஹேண்ட் பிரேக் போட்டும் அங்குலம் அங்குலமாக வழுக்கியது. பின்னால் பள்ளம்.

"தண்ணியைத் திறந்து விடணும்," என்றான். காலை எடுத்தால் வண்டி போய்விடும். நான் எப்படி இறங்க?

அவன் கதவைத் திறந்தான். "டெல்பர்ட், வேண்டாம்! சறுக்கினா உன் மேலதான் ஏறும்!"

"நீ மிதிச்சுக்கிட்டே இரு. இவ்வளவுதான் உன் வேலை."

இழுக்கும் காலோடு வண்டியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனான். கண்ணாடியில் தொப்பி தெரிந்தது. பிறகு தெரியவில்லை. கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். இரண்டு காலாலும் மிதித்தேன். கடவுளே, கடவுளே —

அப்புறம் அந்தச் சத்தம். தண்ணீர் பாய்கிற சத்தம். கொஞ்சம் கொஞ்சமாகக் காலுக்கடியில் பாரம் குறைந்தது; ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொண்டது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஓடினேன். சேற்றில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், உடம்பெல்லாம் நனைந்து.

தண்ணீர் வாடை பிடித்து மாடுகள் வேலிக்கு வந்துவிட்டன. அவை கத்திய கத்தலை நான் கேட்டதே இல்லை. "வேலிக் கம்பியை வெட்டு," என்றான். வெட்டினேன். சக்கரத் தடத்தில் தேங்கிய சேற்றை நக்கிக் குடித்தன. எங்களைச் சுற்றி நின்றுகொண்டே. நான் அவன் தோளில் சாய்ந்து அழுதேன். "சரி, விடு," என்று முதுகைத் தட்டினான்.

ஜூலை 18
ஆற்றங்கரையில் ஆடு வளர்க்கும் மைத்தே, குதிரையும் நாய்களுமாக வந்தாள். "ஆடு வளர்த்துக்கோன்னு எத்தனை தடவை சொன்னேன்? கேட்டியா நீ?" திட்டிக்கொண்டேதான் மந்தையை மலையிலிருந்து நடத்தி இறக்கினாள். வெயிலில் இன்னும் இரண்டு கன்றுகள் விழுந்தன. மற்றவை ஆற்றைப் பார்த்ததும் ஓடின.

அவள் அறுத்து முடித்த குதிரைமசால் தீவன வயலில் விட்டிருக்கிறோம். எத்தனை நாளைக்குத் தாங்குமோ.

ஆகஸ்ட் 14
வயலில் இனி மேய எதுவுமில்லை. மழை இல்லை. கியர்பாக்ஸ் வந்துவிட்டதாக ஹோய்ட் ஃபோன்.

ஆகஸ்ட் 22
மாட்டு ட்ரெய்லரை மாட்டி, மந்தை முழுவதையும் நாலு நடையில் ஏலச் சந்தைக்கு. நெடுஞ்சாலை மேட்டில் முழுப் பாரத்தோடும் நழுவவே இல்லை. கியர் மாறுவதே தெரியவில்லை. ஹோய்ட் நல்ல வேலைதான் செய்திருக்கிறான்.

கடைசி நடைக்கு டெல்பர்ட்டும் வந்தான். திரும்பும்போது பின்னால் காலி ட்ரெய்லர் கடகடவென்று துள்ளியது.

"இப்ப நல்லா இழுக்குது," என்றான்.

"ம்," என்றேன்.