விமான நிலையத்தோடு முடிந்த கதை

திருப்பாலைக்குடி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் பர்வேஸுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் அம்ரீனும் பிள்ளையும் அல்லாஹ்வின் காவலில் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நான் இருக்கிறேன். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, நோய் என்று சொல்லவும் ஒன்றுமில்லை, களைப்புதான். நம் தெரு வசீம் அடுத்த வாரம் உங்கள் ஷார்ஜாவுக்கு வருகிறானாம், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் நீ எப்போதும் வண்டி ஓட்டிக்கொண்டே பேசுகிறாய், எனக்கோ சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. வாப்பா மவுத்தாகிப் போனதிலிருந்து நாலு மாதம் பத்து நாள் இத்தா என்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன். அது முடிகிற வாரத்திலேயே நான் அங்கே வர டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னாய். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால், படித்த புத்தகங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன், இரண்டும் வேறு வேறு இல்லை.

நீ அனுப்பியதில் முத்துக்குளித்தல் பற்றிய கனமான புத்தகத்தை முடித்தேன். பேராசிரியர் பாடுபட்டிருக்கிறார், பெருமையாக இருந்தது, ஆனால் ஆடி மாதத்தில் தொண்டிக் கடல் கொந்தளித்துத் தோணி உடைந்தது என்று எழுதியிருக்கிறார். ஆடியில் கொந்தளிப்பது தெற்கே மன்னார்ப் பக்கம். நம் கடல் அப்போது குளம் மாதிரி கிடக்கும், இங்கே உடைய வேண்டுமானால் வாடை அடிக்க வேண்டும். ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் பழக்கிய பழக்கம், இந்த வயதில் விடாது. அடுத்தது வாப்பா பாதியில் வைத்துவிட்டுப் போன துப்பறியும் நாவல். கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் அவர் எந்தக் கதையையும் ஆரம்பிப்பார், அது எழுதியவனுக்குச் செய்கிற அவமரியாதை என்று கல்யாணமான நாளிலிருந்து சண்டை பிடித்திருக்கிறேன். இத்தாவில் இருக்கிறவள் குர்ஆன் ஓதாமல் கதை படிக்கிறாளே என்று வருகிறவர்கள் பேசுவார்களாம், அதற்குப் பயந்து உன் மாமி குல்சும் என்னைக் கேட்காமலே அந்த நாவலுக்கு, குர்ஆனுக்குப் போடுவது மாதிரி பச்சைத் துணியில் உறை தைத்துப் போட்டுவிட்டாள். தன் அண்ணன் வைத்துவிட்டுப் போன புத்தகம் என்பதால் கை கூசவில்லை போலிருக்கிறது. பக்கத்து வீட்டுத் தாஜுன்னிசா வந்தவள் உறையைப் பார்த்ததும் தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பவ்யமாக உட்கார்ந்து, “லாத்தா, சத்தமா ஓதுங்க, நானும் கேட்டுட்டுப் போறேன்” என்றாள். இது ஓதுகிற கிதாபு இல்லை, கொலைக்கதை என்று சொல்லிவிட்டேன். குல்சும் முகத்தைப் பார்க்கவேண்டுமே. தாஜுன்னிசா கொஞ்சம் யோசித்தாள், “கொலையா? செத்தது யாரு?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

உறையை அப்போதே கழற்றி எறிந்தேன். அதிலிருந்து அசர் தொழுகைக்குப் பிறகு தாஜுன்னிசா தினமும் வருகிறாள், நான் வாசிக்கிறேன். “மையத்து வூட்டுல கொலைக்கதை கேக்குறியே, ஒனக்கு வெக்கமா இல்லையா” என்று குல்சும் அவளை ஏசுவாள், பிறகு தானே அடுப்படி வாசலில் நின்று, “அந்த டாக்டர் பொஞ்சாதி பெறகு என்ன மச்சி சொன்னா” என்பாள். கொலைகாரன் பிடிபட்ட அன்று தாஜுன்னிசா தொடையில் தட்டிச் சிரித்தாள். வாப்பாவுக்கு இது முன்பே தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் மூடி வைத்தேன்.

கடைசியாக, நீ முதல் பக்கத்தில் ‘உம்மாவுக்குப் பிடிக்கும்’ என்று எழுதி அனுப்பிய நாவல். ஊரை விட்டு மகனிடம் போகிற தாயின் கதை. நடை சுத்தமாக இருக்கிறது, எழுதியவள் மழையை நன்றாகக் காட்டியிருக்கிறாள். ஆனால் அந்தத் தாய் அத்தனை பக்கத்தில் ஒருவரையும் ஒரு தடவைகூடக் குறை சொல்லவில்லை. அப்படி ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை, கான்வென்ட்டில்கூட. விமான நிலையத்தில் மகன் கட்டிப்பிடிக்கிறான், கதை முடிந்துவிட்டது. குல்சும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாஜுன்னிசா மட்டும், “கட்டிப்பிடிச்சான், சரி. மறுநா காலைல அவன் வேலைக்குப் போயிருவான்ல, அந்தப் பொம்பள என்ன செய்வா?” என்று கேட்டாள்.

நீ ஏன் அந்தப் புத்தகத்தை அனுப்பினாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. டிக்கெட் அனுப்பினாய், நாவல் அனுப்பினாய், வருகிறீர்களா உம்மா என்று இதுவரை கேட்கவில்லை. உம்மாவைத் தனியாக விட்டுவிட்டான் என்று ஊரில் பேசுவார்கள் என்றுதான் போனில் சொன்னாய். அது ஊருக்குச் சொல்கிற பதில், எனக்குச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. முன்பென்றால் உன்னைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை ஏசி முடித்திருப்பேன். இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது பர்வேஸ். களைத்துப் போனவளைக் கையைப் பிடித்து எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போய்விடலாம், போன பிறகுதான் அவளுக்கே தெரியும். அதனால்தான் புத்தி என்னிடம் இருக்கும்போதே எழுதுகிறேன். அந்த எழுத்தாளர் எழுதாமல் விட்ட மறுநாள் காலையை நீ எனக்கு எழுதி அனுப்பு. நீயும் அம்ரீனும் வேலைக்குப் போய், பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு உன் வீட்டில் நான் யார், உள்ளபடியே எழுது. எனக்கு நீங்கள் வேண்டும் உம்மா என்று ஒரு வரி அதில் உன் மனதிலிருந்து வருமானால், குறை சொல்லிக்கொண்டே வந்துவிடுவேன். ஊர் வாயை மூடத்தான் என்றால் அதையும் ஒளிக்காமல் எழுது, கோபப்பட மாட்டேன், இங்கேயே இருந்துகொள்வேன்.

அம்ரீனுக்கு என் சலாம், இடுப்பு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். பிள்ளையைத் தமிழ் எழுத்தை மறக்க விடாதே. மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளையும் ஹலாலான ரிஸ்கையும் பிழைப்பையும் அல்லாஹ் தருவானாக. ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள், உன் பதில் வந்து நான் படித்து முடிக்கும்வரை டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே, தேதியைத் தள்ளி மட்டும் போடு.

உன் உம்மா,
ஜுவைரியா